சிறு மீன்குளமும் பெருந்தவளையும்

ஐப்பசி மாதத்து முதல் மழை பெய்து நிலம் குளிர்ந்த இரவிலே, உலர் வலயத்துக் கிராமங்களிற் பெரிதாகக் கேட்பது தவளைகளின் ஒலியாகும். கோடை முழுவதும் மண்ணுள்ளே புதைந்து கிடந்த தவளைகள் வெளிப்பட்டு, வயலிலும் வாய்க்காலிலும் வீட்டுத் தோட்டத்து மீன்குளத்திலும் கூடி ஆரவாரஞ் செய்கின்றன. தவளை கத்தினால் மழை என்று கமக்காரர் மகிழ்வது பழைய வழக்கம். ஆனால், மீன் வளர்க்கத் தொடங்கிய கமக்காரருக்கு இதே ஒலி கவலை தருவதாகவும் இருக்கின்றது. விலை கொடுத்து வாங்கிய மீன்குஞ்சுகளைக் குளத்தில் விட்டுச் சில மாதங்கள் கழித்து வலை வீசும்போது, விட்ட தொகையிற் பாதியேனும் அகப்படாதாயின், பழி முழுவதும் தவளையின்மேல் விழுகின்றது.

இது சிறிய விடயமன்று. உலர் வலயத்துச் சிறு குளங்களிற் பல, ஆண்டில் ஆறு முதல் எட்டு மாதங்கள் வரையே நீர் தாங்குவன. மார்கழியிலோ தையிலோ விட்ட குஞ்சுகள் அழிந்துபோயின என்பதைச் சித்திரையில் அறியும் கமக்காரர், மறுபடி குஞ்சு வாங்கி விட்டாலும் அவை வளர்வதற்கு முன்னரே நீர் வற்றிவிடும். ஆகவே, ஒரு மாதத்துக் கவனக் குறைவு ஓர் ஆண்டின் பயனைக் கொண்டுபோய்விடும். மறுபுறத்தில், தவளையே பகையென்று கருதிக் குளத்தில் நஞ்சு ஊற்றுபவர் மீனையும் இழந்து, வயலுக்கு உதவி செய்யும் உயிரையும் இழப்பர்.

எனவே, தவளை மீன்குளத்துக்கு நன்மை செய்கின்றதா, தீமை செய்கின்றதா என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளல் அவசியமாகும். அதற்குரிய விடையைச் சுருக்கமாகக் கூறின், தீர்ப்பு தவளையின் கையில் இல்லை. குளத்திலுள்ள மீனின் பருமனிலேயே இருக்கின்றது. குஞ்சு சிறிதாயின் தவளை பகை. மீன் வளர்ந்துவிட்டதாயின் தவளை பகையன்று. இதன் காரணங்களும், கமக்காரர் கைக்கொள்ள வேண்டிய முறைகளும் கீழே விளக்கப்படுகின்றன.

தவளைகள் யாவும் ஒன்றல்ல

இலங்கையில் 100க்கு மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை ஈர வலயத்துக் காடுகளில் வாழ்வன. உலர் வலயத்து மீன்குளங்களிலும் வயல்களிலும் கமக்காரர் அடிக்கடி காண்பவை சிலவே. அவற்றைப் பிரித்தறிந்தாற் பாதிக் கவலை நீங்கும்.

முதலாவது, பெருந்தவளை. விஞ்ஞானிகள் இதனை ஹொப்லோபற்றாக்கஸ் கிராசஸ் என்பர். தடித்த உடலும் அகன்ற தலையும் உடையது. வளர்ந்த பெண் தவளை ஓர் ஆளின் உள்ளங்கையை நிரப்பும். பின்கால்களின் அடியில் மண்வெட்டியின் அலகு போன்ற கடினமான புடைப்பு உண்டு. அதனைக் கொண்டு மண்ணைக் கிளறிப் பின்புறமாக உள்ளே இறங்கிக் கோடையைக் கழிக்கின்றது. மீன்குஞ்சுக்குத் தீங்கு செய்யக்கூடியது சிறப்பாக இதுவேயாம். இதன் நெருங்கிய உறவினமாகிய இந்தியப் பெருந்தவளை இதனினும் பெரியது.

இரண்டாவது, குளங்களில் ஆம்பல், தாமரை இலைகளின் மீதும் மிதக்கும் பூண்டுகளின் இடையிலும் இருக்கும் பச்சைத் தவளை. இதுவும் பெரிய உடலுடையதே; ஆதலின், பலரும் இதனையே முதற் குற்றவாளியாகக் கருதுவர். ஆயினும், தென்னிந்தியாவில் இத்தவளைகளின் வயிற்றை ஆராய்ந்தபோது, வளர்ந்த தவளைகளின் உணவிற் பெரும்பகுதி நீர்த்தாவரங்களின் இலையும் தண்டுமாகவே காணப்பட்டது. தவளையினத்தில் இஃது அரிய பழக்கமாகும். பூச்சிகளையும் சிறு பிராணிகளையும் இது பிடிப்பதுண்டெனினும், பெருந்தவளையைப் போன்ற வேட்டைக்காரனன்று.

மூன்றாவது, ஆள் நெருங்கியவுடன் நீரின் மேற்பரப்பிலே தத்தித் தத்திப் பாய்ந்தோடும் சிறு தவளை. இதன் வாய் சிறியது. நுளம்பு, ஈ, சிறு வண்டு முதலியனவே இதன் இரை. பொரித்துச் சில நாட்களேயான நுண்குஞ்சுகளை அன்றி வேறு மீனை இதனால் விழுங்க இயலாது.

நான்காவது, வீட்டு முற்றத்திலும் விளக்கடியிலும் காணப்படும் சொரசொரப்பான தோலுடைய தேரை. இது நீருக்கு வருவது முட்டையிடுவதற்காக மட்டுமே. மற்ற வேளைகளில் நிலத்திலேயே பூச்சி பிடித்து வாழ்கின்றது. மீன்குளத்துக்கு இதனால் நேரடியான தீங்கு இல்லை.

வாயின் அளவே எல்லை

தவளை தன் இரையைக் கடித்துத் துண்டாக்கி உண்பதில்லை, முழுதாகவே விழுங்குகின்றது. ஆதலால், அதன் வாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் அதற்கு இரையாகலாம். நுழையாத எதுவும் இரையாகாது. பெருந்தவளையின் வாய் தலையளவு அகன்றது. வண்டு, வெட்டுக்கிளி, மண்புழு, நண்டு, சுண்டெலி, சிறிய தவளை ஆகிய யாவற்றையும் அது உண்ணும். தன் இனத்துக் குட்டிகளையும் அது விட்டுவைப்பதில்லை. ஆழமில்லாத நீரில் அசையும் மீன்குஞ்சு கண்ணிற் பட்டால் அதனையும் பிடித்து விழுங்கும்.

இங்கு மூன்று விடயங்களைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவதாக, தவளை அசையும் இரையையே பெரும்பாலும் பிடிக்கின்றது. கரையில் அசையாது காத்திருந்து, அருகில் வருவதன்மீது பாய்வதே அதன் வழக்கம். மீனைத் துரத்திச் சென்று நடுநீரிற் பிடிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. எனவே, ஆபத்து உள்ள இடம் குளத்தின் ஓரமேயாகும். புல்லும் பூண்டும் மண்டிய, ஓரடிக்கும் குறைந்த ஆழமுள்ள ஓரமே தவளையின் வேட்டைக் களம்.

இரண்டாவதாக, மீனின் நீளத்திலும் உடலின் அகலமே முக்கியமானது. கட்லா, திலாப்பியா போன்ற அகன்ற உடலுடைய மீன்கள் விரைவில் தவளையின் வாய்க்கு அடங்காத நிலையை அடைந்துவிடும். ரோகு, மிருகால் முதலிய ஒடுங்கிய உடலுடையவை அந்நிலையை அடைவதற்குச் சற்று அதிக காலம் வேண்டும்.

மூன்றாவதாக, ஆரோக்கியமான மீன் தவளைக்கு எளிதில் அகப்படுவதில்லை. விடியற்காலையில் நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து, மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து தவிக்கும் வேளையில், ஓரத்தில் ஒதுங்கும் குஞ்சுகளே இலகுவாகப் பிடிபடுகின்றன. அத்தகைய நிலையில் தவளை காணப்படினும், மூலக் காரணம் நீரின் குறைபாடேயன்றித் தவளையன்று.

வாற்பேத்தையின் செயல்

வளர்ந்த தவளையைப் பற்றிக் கவலைப்படும் கமக்காரர் பலர் வாற்பேத்தையை மறந்துவிடுகின்றனர். வாற்பேத்தைகள் யாவும் பாசியும் அழுகிய பொருளும் உண்டு வாழும் சாதுவான உயிர்கள் என்னும் எண்ணம் பொதுவாக உண்டு. தேரையின் கரிய வாற்பேத்தைகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. அவை கூட்டங் கூட்டமாகத் திரிந்து பாசியையும் அடிமண்டியையும் அரித்து உண்கின்றன. அவற்றின் உடலில் நச்சுச் சுவை உள்ளமையால் மீன்களும் அவற்றை விரும்புவதில்லை.

பெருந்தவளையின் வாற்பேத்தையோ இதற்கு மாறானது. அதன் தாடைகள் உறுதியானவை. அது ஊன் உண்ணும் இயல்புடையது. மற்றத் தவளைகளின் வாற்பேத்தைகளைப் பிடித்து உண்பதே அதன் முக்கிய தொழில். அதே நீரில் மிகச் சிறிய மீன்குஞ்சுகள் இருப்பின் அவற்றுக்கும் அதனால் ஆபத்துண்டு. குஞ்சு பெரிதானதும் நிலைமை தலைகீழாகி, வாற்பேத்தை மீனுக்கு இரையாகும். இதனாலேதான் பெருந்தவளை மீன் நிறைந்த குளத்தை விடுத்து, புதுமழையில் நிரம்பிய, மீன் இல்லாத பள்ளங்களில் முட்டையிட விரும்புகின்றது. புதிதாக வெட்டி நீர் நிரப்பிய மீன்குளம் தவளையின் கண்ணுக்கு அத்தகையதொரு பள்ளமேயாகும். அக்குளத்தில் உடனே நுண்குஞ்சுகளை விடுதல் பகைவர் கூடத்தில் விருந்து வைப்பதை ஒக்கும்.

மூன்று பருவமும் மூன்று தீர்ப்பும்

மேற்கூறியவற்றைக் கொண்டு மீன்குளத்தை மூன்று பருவமாகப் பகுத்து நோக்குதல் தகும்.

முதற் பருவம் நாற்றங்காற் பருவம். நெல்லுக்கு நாற்றுமேடை இருப்பதுபோல, நுண்குஞ்சுகளை விரலளவுக்கு வளர்த்தெடுக்கும் சிறு குளம் இது. இங்கே பெருந்தவளையும் அதன் வாற்பேத்தையும் ஐயமின்றித் தீமை செய்வன. ஓர் உதாரணத்தை நோக்குக. பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் உடைய குளமொன்றில், சதுர மீற்றருக்கு இரண்டாக 200 குஞ்சுகள் விடப்பட்டுள்ளன எனக் கொள்க. அக்கரையில் ஐந்து பெருந்தவளைகள் தங்கி, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு குஞ்சை மட்டும் பிடித்தாலும், 40 நாட்களில் 200 குஞ்சுகளும் தீர்ந்துவிடும். தவளை நாள்தோறும் மீனையே உண்பதில்லையாதலால் உண்மையான இழப்பு இதனிலும் குறைவாகவே இருக்கும். ஆயினும், சிறிய குளத்திற் சில தவளைகளே எவ்வளவு கேடு செய்யக்கூடும் என்பதை இக்கணக்குப் புலப்படுத்தும்.

இரண்டாவது பருவம் விரலளவுப் பருவம். குஞ்சு ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் வரை வளர்ந்த காலம் இது. இக்காலத்தில் ஓரத்துப் புல்லை அகற்றிக் கரையைத் துப்புரவாக வைத்திருந்தால், தவளையால் வரும் இழப்பு சிறிதாகவே இருக்கும்.

மூன்றாவது பருவம் வளர்ப்புப் பருவம். மீன் வளர்ந்த ஆளொருவரின் நடுவிரலின் நீளத்தைக் கடந்துவிட்டது. இனித் தவளை கரையிலே எத்தனை இருப்பினும் மீனுக்குக் கவலையில்லை. தவளையின் முட்டையும் வாற்பேத்தையும் சிறு தவளையும் இப்பொழுது மீனுக்கே இரையாகின்றன. விரால் உள்ள குளமாயின் வளர்ந்த தவளையும் தப்புவது அரிது. விராலைத் தூண்டிலிற் பிடிப்போர் தவளைக் குட்டியை இரையாகக் கோப்பது இதனாலேயாம்.

திலாப்பியாக் குளத்தைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். 1952ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா, தன் முட்டையையும் நுண்குஞ்சையும் தாயின் வாய்க்குள்ளேயே காத்து வளர்ப்பது. அடிக்கடி இனம் பெருக்குவதும் அதுவே. சிறு குளத்தில் ஆணும் பெண்ணும் கலந்து வளர்ந்தால் குஞ்சுகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகி, உணவு போதாமல் எல்லா மீனும் குறுகிப் போகும். அத்தகைய குளத்தில் தவளை சில குஞ்சுகளை உண்பது இழப்பன்று. ஆயினும், குஞ்சுப் பெருக்கத்தை அடக்குவதற்குத் தவளை போதுமானதன்று. அதற்கு இடையிடையே வலையிட்டுச் சிறியவற்றை வாரி எடுப்பதே வழி.

உண்மைக் குற்றவாளியை அறியும் முறை

தவளை தன் வாயாற் கெடும் என்பது பழமொழி. மீன்குளத்திலும் இது பலிக்கின்றது. இரவெல்லாம் கத்துகின்றமையால் தவளையே முதலில் நினைவுக்கு வருகின்றது. சத்தமின்றிக் குஞ்சைத் தின்னும் மற்றப் பகைகள் மறைந்துகொள்கின்றன.

அவற்றுள் முதன்மையானது விரால். முந்திய ஆண்டின் சேற்றிலோ நீர் வரும் வாய்க்காலிலோ இருந்து வந்த இரண்டொரு விரால்கள், கரையிலுள்ள தவளைகள் யாவற்றினும் அதிக குஞ்சுகளை அழிக்கவல்லன. அடுத்து நீர்ப்பூச்சிகள். தும்பியின் இளம் பருவமும், நீர்மூட்டைப் பூச்சிகளும், நீர்வண்டுகளும் நுண்குஞ்சின் கொடிய பகைகளாகும். இவற்றைத் தவிர நீர்ப்பாம்பு, கொக்கு, மீன்கொத்தி, நீர்க்காகம் ஆகியனவும் தத்தம் பங்கைக் கொண்டுபோகின்றன. இவை எதுவுமின்றி, கொண்டுவந்த நாளிலேயே நீரின் வெப்ப வேறுபாட்டால் அதிர்ச்சியுற்று இறந்து அடியிற் படிந்த குஞ்சுகளும் உண்டு. அவ்வாறு இறந்தவற்றைக் கமக்காரர் காண்பதில்லை. பின்னர் தவளை தின்றது என எண்ணிக்கொள்கின்றார்.

இதனைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நுளம்பு வலைத் துணியால் ஒரு மீற்றர் நீள அகலமுள்ள பெட்டி போன்ற வலைக்கூண்டொன்றைத் தைத்து, நான்கு தடிகளில் கட்டிக் குளத்து நீரில் அமிழ்த்துக. மேற்புறம் மூடியிருத்தல் வேண்டும். குளத்தில் விடும் குஞ்சுகளில் 50ஐ எண்ணி அதனுள் விட்டு, நாள்தோறும் சிறிது உணவு இடுக. பத்து நாள் கழித்து எண்ணிப் பார்க்க. கூண்டுக்குள்ளும் குஞ்சுகள் பெருமளவில் இறந்திருப்பின், குறை நீரிலோ, குஞ்சிலோ, கொண்டுவந்த முறையிலோ உள்ளது. தவளைக்கு அதிற் பங்கில்லை. கூண்டுக்குள் குஞ்சுகள் நலமாக இருக்க, வெளியே குறைந்துகொண்டு போகுமாயின், குளத்தில் பகை உள்ளது என்பது உறுதி.

அப்பகை எதுவென்று அறிவதற்கு, பகலில் கைவலையால் ஓரத்துப் பூண்டை அரித்து நீர்ப்பூச்சிகள் உண்டா எனப் பார்க்க வேண்டும். இழுவலையால் ஒருமுறை குளத்தை அரித்து விரால் உண்டா எனக் காண வேண்டும். இரவில் மின்சூளுடன் கரையைச் சுற்றி வந்து, ஒளியில் மின்னும் கண்களைக் கொண்டு பெருந்தவளைகளை எண்ண வேண்டும். தவளை உள்ள இடத்திற் பாம்பும் வருமாதலால், காலணி அணிந்து கையில் தடியுடன் செல்லுதல் அவசியம்.

தவளையால் வரும் நன்மை

தவளையின் பெரிய நன்மை குளத்துக்கு உள்ளே அன்று, குளத்துக்கு வெளியே காணப்படுவது. நெல்வயலில் வெட்டுக்கிளி, வண்டு, அந்துப்பூச்சி முதலியவற்றை அது இரவிரவாகத் தின்கின்றது. வரம்பைத் துளைத்து நீரை வீணாக்கும் வயல் நண்டும் பெருந்தவளைக்கு இரை. மீன்குளமுள்ள கமக்காரர் பெரும்பாலும் வயலும் தோட்டமும் உடையவராதலின், குளத்தில் ஒரு கைப்பிடி குஞ்சைக் காப்பாற்ற வயலின் காவற்காரனைக் கொல்வது இலாபகரமான வியாபாரம் ஆகாது.

இவ்வுண்மையை அயல்நாடு தன் அநுபவத்தால் அறிந்தது. இந்தியாவில் இருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தொன் தவளைக் கால்கள் வெளிநாடுகளுக்கு உணவாக அனுப்பப்பட்டு வந்தன. இந்தியப் பெருந்தவளையும் பச்சைத் தவளையுமே இதற்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டன. 1985ஆம் ஆண்டில் இவ்விரு இனங்களும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987ஆம் ஆண்டில் இந்திய அரசு ஏற்றுமதியை முற்றாகத் தடை செய்தது. தவளை குறைந்த வயல்களிற் பூச்சி பெருகுமென்ற அச்சம் அத்தடைக்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

இருப்பினும், தவளைக்கு இல்லாத பெருமையை ஏற்றிக் கூறுதலும் தவறு. தவளை குளத்து நீரைச் சுத்தஞ் செய்யும் என்பதும், வாற்பேத்தையை நம்பி நுளம்பை ஒழிக்கலாம் என்பதும் நம்பத்தக்கன அல்ல. நுளம்புக் குடம்பிகளைத் தின்பதிற் சிறு மீன்களே வல்லவை. மீனுக்கு உணவாகட்டும் என்று வாற்பேத்தைகளைப் பிடித்துக் குளத்தில் விடுவதும் வீண் வேலையாகும்.

செய்யத் தகாதன

தவளையை ஒழிப்பதற்காக வயலுக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியைக் குளத்திலோ கரையிலோ ஊற்றுதல் பெருந்தவறு. தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. தோலாலேயே நீரை உறிஞ்சுகின்றது. அதனால் நஞ்சு அதனை விரைவில் தாக்கும் என்பது உண்மையே. ஆனால், அதே நஞ்சு மீனின் செவுளையும் தாக்கும். பைரித்திரொயிட் வகையைச் சேர்ந்த பூச்சிநாசினிகள் மிகச் சொற்ப அளவிலேயே மீனைக் கொல்லுவன. குளத்து நீரை மாடு குடிக்கும். அதிற் பிள்ளைகள் குளிப்பர். பிடித்த மீனை வீட்டார் உண்பர். எனவே, நஞ்சூற்றுதல் எந்த நிலையிலும் கூடாது.

பிடித்த தவளைகளை வேறு கிராமங்களுக்குக் கொண்டுசென்று விடுதலும் தகாது. தவளைகளின் தோலைத் தாக்கும் ஒருவகைப் பங்கசு நோய் உலகின் பல பாகங்களிலும் தவளை இனங்களை அழித்திருக்கின்றது. உயிர்களை ஒரு நீரிலிருந்து தொலைவிலுள்ள வேறொரு நீருக்கு மாற்றுவது இத்தகைய நோய் பரவ இடமளிக்கும்.

செய்ய வேண்டியன

தவளையால் வரும் இழப்பைத் தவிர்க்க விரும்பும் கமக்காரர் பின்வரும் முறைகளைக் கைக்கொள்வாராக.

1. காலத்தைத் தெரிந்து குஞ்சு விடுக. பெருந்தவளை முட்டையிடுவது முதல் மழையோடு ஆகும். கிராமத்துப் பருவகாலக் குளங்களில், முதல் மழை முடிந்து குளம் நிரம்பியபின், மார்கழி, தை மாதங்களில் விரலளவுக் குஞ்சுகளை விடுதல் நன்று. அதற்குள் முதல் ஈட்டு வாற்பேத்தைகளிற் பெரும்பாலானவை தவளையாகிக் கரையேறிவிடும். கிணற்று நீரால் ஆண்டு முழுவதும் நிரப்பக்கூடிய வீட்டுத் தோட்டக் குளமாயின், தவளைகள் மண்ணுள் அடங்கியிருக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் நுண்குஞ்சுகளை வளர்க்கத் தொடங்கினால், ஐப்பசி மழைக்கு முன்னரே அவை ஆபத்தான பருவத்தைக் கடக்கும்.

2. பெரிய குஞ்சையே வாங்குக. நாற்றங்காற் குளம் இல்லாதவர் நுண்குஞ்சு மலிவென்று வாங்காது, எட்டுச் சென்ரிமீற்றர் வரை வளர்ந்த குஞ்சுகளைக் குறைந்த தொகையிலேனும் வாங்கி விடுவது இலாபம். குஞ்சுப் பையைக் குளத்து நீரிற் கால் மணித்தியாலத்துக்கு மேல் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகக் குளத்து நீரைச் சேர்த்த பின்னரே குஞ்சுகளைத் திறந்துவிடல் வேண்டும்.

3. கரையைத் துப்புரவாக்குக. கரையிலிருந்து ஒரு மீற்றர் தூரத்துக்குப் புல்லைக் குட்டையாக வெட்டி, ஓரத்துப் பூண்டுகளை அகற்றுக. தவளை ஒளிந்து காத்திருக்கும் இடம் இதனால் இல்லாது போகும், பாம்பும் குறையும். ஓரத்து ஆழத்தைச் சற்று அதிகரிப்பதும் பயன் தரும். ஆனால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் செங்குத்தான கரை ஆபத்தானது. ஒரு பக்கத்திலேனும் படி அமைத்து, பிள்ளைகள் அணுகாதவாறு குளத்தைச் சுற்றி வேலி இடுதல் வேண்டும்.

4. நாற்றங்காற் குளத்துக்கு வலைவேலி இடுக. நுண்கண் வலையை நிலத்துக்கு மேல் முக்கால் மீற்றர் உயரத்துக்குக் கட்டி, அடியை ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணிற் புதைத்தல் வேண்டும். பெருந்தவளை மண் தோண்டும் இயல்புடையதாதலால், அடியைப் புதையாத வேலி பயனற்றது. குஞ்சுகள் விரலளவுக்கு மேல் வளர்ந்தபின் இவ்வலையைக் கழற்றி மறுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

5. முட்டைகளை அகற்றுக. மழை பெய்த மறுநாட் காலையில் நாற்றங்காற் குளத்தைச் சுற்றிப் பார்த்து, நீரின்மேற் படலமாகவோ பூண்டுகளின் இடையிலோ காணப்படும் வழுவழுப்பான முட்டைத் திரள்களைக் கைவலையால் அள்ளி, அருகிலுள்ள வயற் பள்ளத்தில் விடுக. இழைபோல நீண்ட மாலையாகக் காணப்படுவன தேரையின் முட்டைகள். இவ்வாறு செய்தால் தவளை குளத்தில் இல்லாது வயலில் வளரும், இரண்டுக்கும் நன்மை.

6. குளத்தை முறையாக ஆயத்தஞ் செய்க. கோடையில் குளத்தை வற்றவிட்டு, அடிச்சேறு வெடிக்கும்வரை காயவைப்பதே விராலையும் நீர்ப்பூச்சியையும் அடக்கும் முதல் வழி. வற்றாத சிறு குளத்தில் இலுப்பைப் புண்ணாக்கை உபயோகிக்கலாம். கன மீற்றர் நீருக்கு 250 கிராம் வீதம், அதாவது பத்து மீற்றர் நீள அகலமும் ஒரு மீற்றர் ஆழமும் உடைய குளத்துக்கு 25 கிலோகிராம் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து, குளம் முழுவதும் பரவ ஊற்ற வேண்டும். செவுளால் மூச்சுவிடும் மீன்கள் இதனால் மடியும். குறைந்தது மூன்று கிழமை கழித்தே குஞ்சுகளை விடல் வேண்டும். பின்னர் அப்புண்ணாக்கே குளத்துக்கு உரமாகிவிடும். குடிநீர்க் கிணற்றுக்கோ பொதுக் குளத்துக்கோ வடிந்து செல்லக்கூடிய இடத்தில் இதனைச் செய்யலாகாது.

7. நீர் வரும் வாயிலை வலையால் மூடுக. வாய்க்காலில் இருந்து நீர் பாயும் குழாய் வாயில் நுண்கண் வலை கட்டினால், விராற் குஞ்சும் வாற்பேத்தையும் உள்ளே வரா.

8. விளக்கின் இடத்தைக் கவனிக்க. இரவு விளக்கு பூச்சியை அழைக்கும். பூச்சி தவளையை அழைக்கும். வளர்ந்த மீனுள்ள குளத்தின் நடுவே விளக்கைத் தொங்கவிட்டால் விழும் பூச்சி மீனுக்கு உணவாகும். நாற்றங்காற் குளத்தின் அருகில் மாத்திரம் விளக்கு வைக்கலாகாது.

அமெரிக்கப் பெருந்தவளை வேண்டாம்

தவளை வளர்ப்பால் பெரும் பணம் தேடலாம் என்னும் பேச்சுச் சிற்சில வேளைகளில் எழுவதுண்டு. காளையின் முக்காரம் போன்ற குரலுடைய அமெரிக்கப் பெருந்தவளையே இதற்காக உலகிற் பல நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிரேசிலுக்கு அது 1935ஆம் ஆண்டிற் சென்றது. சென்ற நாடுகள் பலவற்றில் அது பண்ணைகளில் இருந்து தப்பி, குளங்களையும் ஆறுகளையும் கைப்பற்றி, உள்நாட்டுத் தவளைகளையும் மீன்குஞ்சுகளையும் விழுங்கிப் பெருகியது. ஒரு பெண் தவளை ஒரே முறையில் 20,000 வரையான முட்டைகளை இடவல்லது. மேலே கூறிய பங்கசு நோயைத் தான் அதிகம் வருந்தாமற் சுமந்து சென்று, மற்ற இனங்களுக்குப் பரப்புவதும் அதுவே. உலகிற் பெருங் கேடு விளைவிக்கும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் அத்தவளையும் இடம்பெற்றுள்ளது.

இதற்கு அணித்தான உதாரணமும் உண்டு. இந்தியப் பெருந்தவளை அந்தமான் தீவுகளுக்கு அந்நியமானது. மனிதரால் அங்கு கொண்டுவரப்பட்ட பின்னர், மீன்குஞ்சுகளுடன் கலந்தும் தீவுக்குத் தீவு பரவி, அங்குள்ள சிறு பிராணிகளுக்குப் பகையாகிவிட்டது. தன் நாட்டில் வயலுக்குக் காவலாக உள்ள அதே உயிர், அந்நிய நிலத்தில் கேடாக மாறுகின்றது. ஆகையால், வெளிநாட்டுத் தவளையை எவரும் இந்நாட்டுக்குக் கொண்டுவரவோ வளர்க்கவோ முயலுதல் கூடாது. குஞ்சு வாங்கும்போது பையினுள் வாற்பேத்தைகள் கலந்துள்ளனவா என்று பார்த்து, இருப்பின் அவற்றைக் குளத்தில் விடாது நீக்குதல் ஒவ்வொரு மீன் வளர்ப்பாளரின் கடமையாகும்.

முடிவு

பெருந்தவளை நாற்றங்காற் குளத்துக்குப் பகை, வளர்ப்புக் குளத்துக்குப் பகையன்று, வயலுக்கு நண்பன். குளத்தில் உள்ள மீன் நடுவிரலின் நீளத்தை அடையும்வரை காவல் வேண்டும். அதன்பின் தவளையின் ஒலிக்கு அஞ்ச வேண்டியதில்லை. குஞ்சு குறைந்த போதெல்லாம் தவளையைக் குறை கூறாது, வலைக்கூண்டுச் சோதனையால் உண்மைக் காரணத்தை அறிந்து, அதற்கேற்ற பரிகாரத்தைச் செய்தல் வேண்டும். குஞ்சுகளின் தொகை, இனம், விடும் காலம் என்பனபற்றி ஐயமுள்ளோர் தம் பிரதேசத்து நன்னீர் மீன்வளர்ப்பு விரிவாக்க உத்தியோகத்தரையோ கமநல சேவை நிலையத்தையோ குஞ்சு வாங்குமுன் நாடி ஆலோசனை பெறுவாராக. நீர் நிற்கும் மாதங்கள் சிலவே. அவற்றில் முதல் மாதத்தைக் காப்பவர் எஞ்சிய மாதங்களின் பயனையும் காத்தவராவர்.